சுண்டுவிரலும் இதர செலவும்

சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி இந்த நிமிஷம் எந்தத் தேசத்தில் யார் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இங்கிருந்து கிளம்பும்போது அது எத்தனை மீட்டர், நூல் என்ன விலை, லாரி வாடகை எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ராஜபாளையத்தில் வீடு, சத்திரப்பட்டியில் ஒரு துணிக் கம்பெனியில் கணக்கு. 26 வருஷ சர்வீஸ். ஒரு பாதத்தில் இருக்கிற எலும்புகளும் 26தான். இந்தப் பொருத்தம் எனக்குத் தெரியவந்ததே அந்த 26-இல் ஒன்று உடைந்த பிறகுதான்.

ஊரார் காலுக்கெல்லாம் கட்டுத்துணிக் கணக்கு எழுதினவன் காலுக்கே கட்டு விழுந்தது. "எல்லாம் கிரக பலன், மாப்ளே" என்றார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்க்க வந்த மச்சான். "எஸ் 92.355" என்றாள் மகள். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. மூன்று அபிப்பிராயங்களில் எனக்குக் கிலி பிடித்தது அந்த மூன்றாவதைக் கேட்டுத்தான்.

கணக்குப்பிள்ளைகளுக்கு 'இதர செலவு' என்ற தலைப்பின்மேல் தனிப் பாசம் உண்டு. வேறெந்தத் தலைப்பும் சேர்த்துக்கொள்ளாத அனாதைகளை அது மடியில் ஏந்திக்கொள்ளும். ரசீது தொலைந்த ஆட்டோ, யாருக்கோ வாங்கித் தந்த டீ, கைமாற்றாகப் போய் அப்படியே கைகழுவப்பட்ட ஐந்நூறு எல்லாம் இதர. கம்பெனியில் இதரவுக்கு ஒரு வரம்பு உண்டு, முதலாளி பார்ப்பார். வீட்டில் எனக்கு வரம்பே கிடையாது. "ஏன் லேட்டு?" "சும்மா, ஒரு வேலை." "ஆயிரத்துல இருநூறு குறையுதே?" "செலவாயிருச்சு." முப்பது வருஷமாக நான் ஒரு நல்ல குடும்பஸ்தனாக நடமாடி வருவது இந்த இதரவின் தயவில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இதரவின் கீழ் வருவதுதான் பால்கோவாவும்.

மூன்று வருஷத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை என்று வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பால்கோவா தடை. இது சாதாரணத் தடை என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மச்சான் மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வருவார். அரைக் கிலோவோடு வருவார். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, தானே மனுப் போட்டு வாங்கி வந்ததுபோல ஒரு மிடுக்கு வேறு. பொட்டலத்தைப் பிரித்து எல்லார் கையிலும் வைப்பார். என் முறை வந்ததும், "மாப்ளைக்குத்தான் ஆகாதே" என்று தன் வாயில் போட்டுக்கொள்வார். மீதியை மனைவி எங்கோ ஒளித்து வைப்பாள். எங்கே என்பதுதான் மூன்று வருஷமாக எனக்கு இருந்த ஒரே ஆராய்ச்சி.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அந்த ஆராய்ச்சி முடிவுக்கு வந்தது. சமையலறைப் பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால், மூடிபோட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று. முந்தின வாரம் அங்கே இல்லாத தூக்கு. ராத்திரி பதினொன்றரை மணிக்கு, விளக்குப் போடாமல், பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து ஏறினேன். தூக்கின் காது கைக்கு வந்தது. ஸ்டூலின் கால் காலைவாரியது. இடது பாதம் உள்பக்கமாக மடங்க, அதன்மேல் நான் இறங்கினேன். காய்ந்த அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். தூக்கும் கூடவே வந்து மூடி கழன்று தரையெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது.

இனி எழுதப்போவதை என் சந்ததியார் படிக்காமல் இருந்தால் நல்லது. காலொடிந்து கிடந்தவன் முதலில் செய்த காரியம், கொட்டியதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததுதான்.

கோலப்பொடி.

"அப்பா, என்ன சத்தம்?" மாடியிலிருந்து மகள். அவளுக்கு ராத்திரி வேலை.

"பூனைம்மா."

"பூனை 'ஐயோ அம்மா'ன்னு கத்துமாப்பா?"

நான் பதில் சொல்லவில்லை, பூனையும் சொல்லவில்லை. கைக்கு அகப்பட்ட கரித்துணியால் இருட்டிலேயே தரையைத் துடைத்து, தூக்கை அடுப்பு மேடைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒற்றைக் காலால் தத்தித் தத்திக் கட்டில்வரை போய்ச் சேர்ந்தேன். துடைத்தாயிற்று, சாட்சியம் எதுவும் பாக்கியில்லை என்ற திருப்தியில் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

விடிந்தபோது கால் பூரிபோல உப்பியிருந்தது. நான்கு மணிக்கே எழுந்து பால் வாங்கக் கிளம்பினதாகவும், வாசலில் பக்கத்து வீட்டு நாய் மேலே பாய்ந்ததில் விழுந்துவிட்டதாகவும் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

நாயைத் தேர்ந்தெடுத்ததில் என் ஊர்ப்பற்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இருப்பது சாட்சாத் ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. பாளையக்காரர்கள் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன வம்சம். 2005-இல் இந்தியத் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நான்கில் ஒன்றாக இடம்பிடித்த ஜாதி. ஸ்டூலிலிருந்து விழுந்தான் என்பதைவிட, தபால்தலையில் இருக்கிற ஒருவரால் வீழ்த்தப்பட்டான் என்பது குடும்பத்துக்கு எவ்வளவோ மேல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "நாலு அடி நடங்க பாப்போம்" என்றார். இது என்னைக் கேலி செய்யச் சொன்னது என்று நினைத்தேன். பின்னால்தான் தெரிந்தது: கணுக்கால் பிசகி வருகிறவர் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை, நாலு அடி நடக்க முடிகிறதா, குறிப்பிட்ட சில இடங்களில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று கனடாவின் ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992-இல் ஒரு விதி வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒன்றரை அடி நடந்தேன். சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்து, பாதத்தின் வெளி ஓரம் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கிற எலும்பு முனையில் டாக்டர் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நான் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னேன். எக்ஸ்ரே எழுதிவிட்டார்.

"எப்படி விழுந்தீங்க?"

"நாய், டாக்டர்."

"கடிச்சுதா?" பேனா நின்றது. "பல் பட்டுதா? கீறல்? வளர்ப்பு நாயா, தெரு நாயா? ஊசி போட்டதா?"

பொய்க்கு வட்டி உண்டு என்பது தெரியும்; தவணை முறையில் ஊசியாக வசூலிப்பார்கள் என்று தெரியாது. "கடிக்கலை டாக்டர், மோதிச்சு. அதுவும் பாசமா" என்று சமாளித்தேன். அவர் குனிந்து விரலிடுக்கைப் பார்த்தார். "இது என்ன வெள்ளையா?" "வேர்க்குரு பவுடர், டாக்டர்." உள்ளங்காலில் வேர்க்குரு வருகிற முதல் மனிதனை அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'நாய் மோதி விழுந்தது' என்று எழுதினார்.

எக்ஸ்ரேயில், இடது பாதத்தின் ஐந்தாவது மெட்டடார்சல் எலும்பின் அடிமுனையில் மயிரிழை போல ஒரு கோடு. விலகல் இல்லை. மாவுக்கட்டு, ஆறு வாரம், வீட்டில் இருக்கவும்.

இந்த எலும்புக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. லிவர்பூலில் இருந்த ராபர்ட் ஜோன்ஸ் என்ற அறுவை நிபுணர் நடனமாடும்போது தன் காலின் இதே எலும்பை உடைத்துக்கொண்டார். எக்ஸ்ரே வந்து அப்போது சில வருஷங்களே ஆகியிருந்தன. படம் எடுத்துப் பார்த்து, தன்னைப் போலவே உடைத்துக்கொண்ட மற்றவர்களையும் சேர்த்து 1902-இல் கட்டுரை எழுதினார். 'ஜோன்ஸ் முறிவு' என்று அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. நானும் அந்தப் பரம்பரைதானா என்று டாக்டரைக் கேட்டேன். "இல்லைங்க. ஜோன்ஸ் இன்னும் கொஞ்சம் முன்னால உடையும். தசைநார் இழுத்து அடிமுனை பிய்யற உங்களுதை 'போலி ஜோன்ஸ்'னு சொல்வாங்க" என்றார். சொன்னதுதான் பொய் என்றால், உடைந்ததும் போலி.

ஆறு வாரம் வீட்டில் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தோடும் மூன்று கேள்விகளோடும் வந்தார்கள்: எப்படி, எங்கே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பத்தாவது ஆளுக்குள் நாய் ஓர் அடி வளர்ந்திருந்தது. பெரியப்பா மகன், "மாவுக்கட்டைப் பிரிச்சு எறி. புத்தூர்க் கட்டுதான் இதுக்கு" என்று வண்டி பிடிக்கவே கிளம்பிவிட்டார். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைப் போர்டில் தாங்காத எலும்பு முறிவு வைத்தியசாலை உள்ள ஊர் தமிழ்நாட்டில் உண்டா? மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர்களை ஏளனமாகப் பேசக் கூடாது. மேலே சொன்ன ராபர்ட் ஜோன்ஸுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாமா ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டி வந்த நாட்டு வைத்தியக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆங்கிலேயரின் எலும்பு மருத்துவத்துக்கும் ஒரு புத்தூர் இருந்திருக்கிறது.

மச்சான் வேறு வழி சொன்னார். "மடவார்வளாகம் வைத்தியநாத சாமிக்கு வேண்டிக்கோங்க. திருமலை நாயக்கருக்கே தீராத வயித்து வலியைத் தீர்த்து வெச்சவர்." அப்படித்தான் எங்கள் பக்கம் சொல்வது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மகள், "என்ன வலின்னு டாக்டர் குறிப்பிடலைன்னா ஆர் 10.9, மாமா" என்றாள். திருமலை நாயக்கர் மஹால் கட்டிய மகராஜா, ஒரு நிமிஷத்தில் நாலு எழுத்தில் அடங்கிப்போனார்.

மகளைப் பற்றிச் சொல்லவில்லையே. பயோடெக்னாலஜி படித்தாள்; கூடப் படித்த பலரைப் போல மெடிக்கல் கோடர் ஆனாள். சென்னையில் கம்பெனி, மாடி அறையில் வேலை. அமெரிக்காவில் ஒருவர் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், அங்கே டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து அதற்குரிய எண்ணைப் போடுவாள். எண் சரியாக இருந்தால்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் நகரும். கட்டுத்துணி இங்கிருந்து, கணக்கு எண் இங்கிருந்து. கால் மட்டும்தான் அவர்களுடையது. அவள் திரையை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, அது நோயாளியின் அந்தரங்கம். ஆனால் பரீட்சைக்கு வாங்கிய தலையணைப் புத்தகம் அலமாரியில் இருந்தது. படுத்த படுக்கையில் நான் அதைப் படித்தேன். படிக்கப் படிக்க வேர்த்தது. இதர என்ற ஜீவனையே ஒழித்துக்கட்டக் கங்கணம் கட்டிக்கொண்டு எழுதிய பேரேடு அது.

அதன் பாட்டனார், 1893-இல் பாரிஸ்காரரான ஷாக் பெர்த்திலோன் சிகாகோவில் வைத்த ஒரு பட்டியல். மனிதன் எதனால் செத்தான் என்று மட்டும் அது கேட்டது. 1948-இல் ஆறாம் திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் கையில் எடுத்தபோது, சாகாமல் படுத்திருக்கிற என் போன்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1990-இல் பத்தாம் திருத்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்கர்கள் அதை வாங்கி, உளுந்தை ஊறப்போட்டு ஆட்டுவதுபோல உப்பவைத்து, 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முந்தின நாள்வரை சுமார் 13,000 எண்கள். விடிந்தால் சுமார் 68,000.

என் எண்ணை மகள் பிரித்துக் காட்டினாள். 'எஸ்' என்றால் காயம். 92 என்றால் பாத எலும்பு முறிவு. அடுத்த 3, மெட்டடார்சல். அடுத்த 5, ஐந்தாவது. கடைசி 5, விலகாத முறிவு, இடது பாதம். அதுவே வலது பாதமாக இருந்தால் 4. எந்தப் பாதம் என்று தெரியாவிட்டால் 6. "எந்தக் கால்னுகூடத் தெரியாம ஒருத்தன் இருப்பானாம்மா?" என்று கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அனுபவித்தேன்.

"கணுக்கால்னு ஏன் போடலை? கேட்க நல்லா இருக்கும்" என்றேன்.

"கணுக்கால் பாதத்துல சேராதுப்பா. அது எஸ் 82, முழங்காலுக்குக் கீழே உள்ள கால். புடைச்சுக்கிட்டு நிக்கற ரெண்டு முனையும் மேல இருந்து வர்ற கால் எலும்போட முடிவுதானே?"

பாதத்தோடு ஒட்டிக்கொண்டு, பாதம் போகிற இடமெல்லாம் போகிற கணுக்கால், நிர்வாகத்தில் வேறு இடம்! எனக்கு இது உடனே புரிந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டம். ஆனால் எங்கள் எம்.பி. தென்காசித் தொகுதிக்காரர்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே போன எதிர்வீட்டுத் தம்பிக்கு அடிபடாமலே பாத எலும்பில் விரிசல் என்றார்களே, அதுவும் எஸ் 92தானா என்று கேட்டேன். இல்லையாம். விழாமல், மோதாமல், ஓயாத நடையால் வந்தால் அது 'எம்' வரிசை. விழுந்தவனுக்கு ஒரு பக்கம், பக்தியால் உடைந்தவனுக்கு இன்னொரு பக்கம். இதில் என் இடம் எது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்த விதியைப் படித்தபோது, அமெரிக்கப் புத்தகத்தை எழுதியவர் என் மனைவியிடம் பாடம் கேட்டிருப்பாரோ என்று சந்தேகம் வந்தது. முறிந்த எலும்பு விலகியதா இல்லையா என்று டாக்டர் எழுதாவிட்டால், விலகியதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது, வாயைத் திறந்து சொல்லாவிட்டால் குற்றம் பெரியது என்றே எழுது. முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் அமலில் இருக்கிற சட்டம் இதுதான்.

எண்ணுக்குப் பின்னால் வருகிற ஏழாவது எழுத்துக்கு ஒரு தனி ஜாதகம். சிகிச்சை நடக்கும்வரை 'ஏ'. ஒழுங்காகக் கூடிவந்தால் 'டி'. கூடத் தாமதமானால் 'ஜி'. கூடவே இல்லாவிட்டால் 'கே'. கோணலாகக் கூடினால் 'பி'. எல்லாம் ஆறின பிறகும் காலமெல்லாம் தொடர்கிற பின்விளைவுக்கு 'எஸ்'. கல்யாணத்துக்கும் இப்படி ஓர் எழுத்துப் போடலாமே என்று தோன்றியது. மனைவி பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இத்தோடு விட்டார்களா? எப்படி விழுந்தாய் என்பதற்கு ஒரு பட்டியல், எங்கே என்பதற்கு ஒரு பட்டியல், அப்போது என்ன செய்தாய் என்பதற்கு ஒரு பட்டியல். மாடு முட்டினால் டபிள்யூ 55.22. விளக்குக் கம்பத்தில் போய் மோதினால் டபிள்யூ 22.02. வாத்து மோதினால் ஓர் எண், திமிங்கில ஜாதியில் ஒன்று மோதினால் ஓர் எண், விமான எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால் ஓர் எண். விழுந்த இடம் சங்கீத நாடக அரங்கமானாலும் எண் உண்டு. விழும்போது ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாலும் எண் உண்டு. கிளி கடித்தால் டபிள்யூ 61.01. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் நாள்தோறும் புதிதாகக் கட்டி வைக்கிற இலைக்கிளியைத் தவிர வேறு கிளி பார்க்காத என் மனைவிக்கு இது பெருத்த அதிசயம். "கிளிகூடவா கடிச்சு கால் உடையும்?" என்றாள். "மாமியார் மருமகள் தகராறுக்கே எண் இருக்கும்மா. புகுந்த வீட்டாரோட பிரச்சினை, இசட் 63.1" என்றாள் மகள். மனைவி வெண்டைக்காயை வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தை அடையாளம் வைத்தாள்.

நான் தேடியது வேறு. கௌரவமான ஒரு காரணம். தேர்வடம் பிடித்தபோது, மரத்தில் ஏறி ஒரு குழந்தையின் பந்தை எடுத்தபோது, இப்படி ஏதாவது. மரத்திலிருந்து விழ எண் இருக்கிறது. நாய் மோதுவதற்கும் இருக்கிறது, டபிள்யூ 54.1. பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அமெரிக்க அரசாங்கமே ஒப்புக்கொள்கிற பொய்யைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். முகம் வாடியிருந்தது.

"அண்ணாச்சி, எங்க பையன் உங்களைத் தள்ளிவிட்டுட்டான்னு தெருவே பேசுது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அதோட, அவன் பத்து நாளாச் சேத்தூர்ல என் தங்கச்சி வீட்டுல இருந்தான். அங்கதான் ஜோடி சேர்த்து விட்டிருந்தோம். நேத்துதான் கூட்டிட்டு வந்தேன்."

நாய்க்கு ஊரில் இல்லாத சாட்சியம் பலமாக இருந்தது. "இருட்டுல சரியாத் தெரியலைண்ணே. அதே மாதிரி வெள்ளையா..." என்று இழுத்தேன். "ஆமா, வெள்ளையாத்தான் இருந்திருக்கும்" என்றாள் மனைவி, சர்க்கரை போடாத காப்பியை அவருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக நீட்டிக்கொண்டே.

அன்று ராத்திரி மகள் வேலைக்கு மாடி ஏறும் முன் கட்டிலருகே வந்தாள். "அப்பா, எனக்கு அன்னைக்கே தெரியும். டபிள்யூ 08, மேஜை மாதிரி சாமான்லேருந்து விழுதல். ஒய் 92.010, தனிவீட்டுச் சமையலறை. என்ன செய்துகிட்டு இருந்தீங்கங்கறதுக்குத்தான் புத்தகத்துல எண் இல்லை."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"டாக்டர் நாய்னு எழுதியிருக்காரு. பேப்பர்ல எழுதாததை நாங்க கோடு பண்ணக் கூடாதுப்பா. எழுதலைன்னா நடக்கலை. அதுதான் எங்க வேதம்." கொஞ்சம் நின்று சொன்னாள்: "இடத்துக்கும் செய்த வேலைக்கும் உள்ள எண்ணை ஒரே ஒரு தடவைதான் போடணும், முதல் தடவை மட்டும். திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாதுன்னு விதி."

68,000 எண்களைத் தோண்டித் துருவுகிற அந்தப் புத்தகத்தில் இவ்வளவு கருணை எங்கே இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்கள் அந்த விதியை மட்டும் படித்திருந்தால் எனக்கு இத்தனை நாய் வளர்க்க வேண்டி வந்திருக்காது.

மகளின் கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோருக்கும் இடம் உண்டு. கட்டுப் பிரித்த பிறகு பில்களை அனுப்பினோம். விண்ணப்பத்தில் 'ஏ' பகுதி நான் நிரப்ப வேண்டியது, 'பி' பகுதி ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்காரர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கப் பதிப்பில் எஸ் 92.3 என்று போட்டு, பக்கத்தில் இடது பாதம் என்று எழுதியிருந்தார்கள். கணக்கில் பைசா பிசகாதவன் என்ற பெருமையோடு, கையோடு எக்ஸ்ரேயையும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நான் நிரப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. நாயைப் பற்றிக் கேள்வி இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான்: மருத்துவமனை இடது பாதம் என்கிறது, தாங்கள் வலது பாதம் என்கிறீர்கள். எது என்று தெளிவுபடுத்தவும்.

எக்ஸ்ரேயைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன். மூலையில் 'எல்' என்ற எழுத்து தலைமாறித் தெரிந்ததை, பிலிம் கம்பெனி முத்திரை என்று விட்டுவிட்டேன். உடைந்த கால் உடம்பிலேயே இருக்கும்போது அதைக் குனிந்து பார்க்காமல் படத்தைப் பார்த்து எழுதியவன் என்ற பெயர் சத்திரப்பட்டிவரை பரவியது. எந்தப் பாதம் என்று தெரியாதவனுக்கென்று ஓர் எண் வைத்திருக்கிறார்களே, அந்த 6 யாருக்காக என்று அப்போதுதான் விளங்கியது.

ஆடிப்பூரத் தேர் போய்விட்டது. வடத்தைத் தொடாமல் டிவியில் பார்த்தேன். ஆவணியில் கோகுலாஷ்டமி வந்தது. எங்கள் வீட்டில் அது பெரிய பண்டிகை. கண்ணனின் பிள்ளை விளையாட்டுகளைப் பாசுரமாகப் பாடிய பெரியாழ்வார் ஊர்ப் பெண் ஆயிற்றே. சாயந்தரம் நான் கம்பெனியிலிருந்து வந்தபோது, வாசலிலிருந்து பூஜை அறைவரை மாக்கோலத்தில் குட்டிக் குட்டிப் பாதங்கள், இடமும் வலமுமாக அழகாக நடந்து போயிருந்தன. சீடை, முறுக்கு, வெண்ணெய், நடுவில் மச்சான் கொண்டுவந்த பால்கோவா.

கையலம்பப் பின்கட்டுக்குப் போனவன் நின்றுவிட்டேன். சமையலறையில், பரணுக்கு நேர் கீழேயிருந்து இன்னொரு வரிசைப் பாதம் கிளம்பியிருந்தது. கோலப்பொடியில், நல்ல பெரிய பாதம். கூடத்தைக் குறுக்காகக் கடந்து என் கட்டிலடியில் போய் முடிந்தது. எல்லாமே வலது கால்.

"இது என்ன, உங்க ஊர்க் கிருஷ்ணருக்கு ஒத்தைக் கால்தானா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இது கிருஷ்ணர் இல்லீங்க" என்றாள் மனைவி. "ஆனி மாசம் ஒரு நாள் விடியக்காலையில எழுந்திருச்சப்ப இப்படித்தான் இருந்துச்சு. கோகுலாஷ்டமிக்கு ரெண்டு மாசம் இருக்கே, அதுக்குள்ள வெண்ணெய் திருட யாரு வந்தாங்கன்னு பார்த்தேன். நீங்க நாய்னு சொன்னீங்க. சரி, பாவம்னு துடைச்சிட்டேன். இப்ப ஞாபகத்துல இருந்து போட்டிருக்கேன்."

நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"எந்தக் கால்னு இன்சூரன்ஸ்ல கேட்டிருக்காங்களாமே. இதைப் படம் பிடிச்சு அனுப்புங்க. தரையில பதிஞ்சிருக்கறது நல்ல கால். உடைஞ்சது மத்தது."

மாடிப்படியில் செல்போன் 'கிளிக்' என்றது.

"இப்ப டாக்குமென்ட் ஆயிருச்சுப்பா" என்றாள் மகள்.